செம்பாட்டு மண்ணில் ஏழு

சப்பாத்துக்கு மனிதனுடைய பேர் வைப்பார்கள் என்று கேட்டபோது இன்னாசித்தம்பி ஊசியைத் தன் பெருவிரலிலேயே ஏற்றிக்கொண்டார்.

“என்ன மாஸ்டர் சொல்லுறியள்? செத்துப்போன ஆளின்ரை பேரோ?”

“உயிரோடை துள்ளித் திரியிறவன்ரை பேர். இஞ்சை பாரும்.”

பஞ்சலிங்கம் மாஸ்டர் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையை விரித்துப் பிடித்தார். முழுப்பக்கப் படம். ஒரு நெட்டை மனிதன் கூடைக்கு மேலே பந்தோடு தொங்குகிறான். அவனுடைய முகத்தைவிடக் கால்தான் பெரிதாகத் தெரிகிறது. சப்பாத்தின் பக்கவாட்டில் அவனுடைய கையெழுத்து. அவன் போடுகிறான் என்ற ஒரே காரணத்துக்காக அந்த நாட்டுப் பெடியள் கடை வாசலில் வரிசையில் நிற்கிறார்களாம்.

இது எண்பத்து மூன்றாம் ஆண்டு புரட்டாதி மாதம். மாஸ்டர் பதினொரு வருஷம் தெற்கிலே ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பித்தவர். ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்து, கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தபோது அவரிடம் ஒரு பைதான் இருந்தது. அதற்குள் ஒரு விசில், உடுக்க இரண்டு சாரம், இந்தச் சஞ்சிகை. எதை எடுப்பது என்று தெரியாமல் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு ஓடினாராம். இப்போது தெல்லிப்பழையில் பள்ளிக்கூடப் பெடியளுக்குச் சும்மா கூடைப்பந்து பழக்கிக்கொண்டிருந்தார்.

இன்னாசித்தம்பி சந்தியில், சைக்கிள் கடையை ஒட்டின பலகைக் கொட்டிலில் சப்பாத்துத் தைக்கிறவர். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய வலக்காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. நடக்கும்போது அந்தக் கால் கொஞ்சம் பின்னுக்கு நின்று, பிறகு இழுபட்டு வரும். அந்தக் காலுக்கு மட்டும் இரண்டு விரல் தடிப்பில் அடி வைத்துத் தனக்கென்று ஒரு சோடி செய்து வைத்திருந்தார். ஒரு நாளும் ஓடியறியாத மனிதன். ஆனால் பின்னேரம் நாலரை மணிக்குப் பந்துச் சத்தம் கேட்டால் ஊசியைப் போட்டுவிட்டு மைதான வேலிக்குப் போய்விடுவார். “உங்கடை மனிசனுக்குப் பந்தோடை கலியாணமோ?” என்று சைக்கிள் கடைக்காரர் கேட்பார். “என்னோடை கட்டினது ரண்டாந்தாரம்” என்பார் தையல் மெசினில் இருக்கும் மனைவி அற்புதராணி.

அந்த வேலியில் நின்று இன்னாசித்தம்பி பார்த்தது ஒருவனைத்தான். சோமசேகரம். பத்தொன்பது வயது. ஆறடி மூன்றங்குலம். ஏழாம் இலக்கம். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் ஞானாம்பிகை புகையிலைத் தோட்டத்தில் நின்று வளர்த்தவர். அவன் எழும்பினால் இறங்குவதற்கு நேரமெடுக்கும் என்று ஊரில் பேச்சு. ஆனால் அவனுடைய காலுக்குச் சப்பாத்து யாழ்ப்பாணப் பட்டினத்துக் கடைகளில் ஒன்றிலும் இல்லை. வெறுங்காலோடு விளையாடுவான். சீமெந்துத் தரை உள்ளங்காலைத் தின்றுவிடும். ஆட்டம் முடிந்தால் கிணற்றடியில் இருந்து தோலைப் பிய்த்துக்கொண்டிருப்பான்.

“இவனுக்கு ஒரு சோடி செய்து தாரும்” என்றுதான் மாஸ்டர் சஞ்சிகையோடு வந்திருந்தார். “நல்லாய் வந்தா இவன்ரை பேரையே வைச்சு மற்றப் பெடியளுக்கும் செய்யலாம்.”

இன்னாசித்தம்பி சீமெந்துப் பையின் கடதாசியை உதறி நிலத்தில் விரித்தார். “ஏறி நில் தம்பி.” கடதாசி காணாது. பெருவிரல் வெளியே நின்றது. இன்னொன்றை ஒட்டினார். பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, குதியில் தொடங்கிக் காலைச் சுற்றிக் கோடு போட்டார். அவருடைய வேலை முறை அது. வாடிக்கைக்காரர் யாராய் இருந்தாலும் காலைக் கடதாசியில் வரைந்து, மூலையில் பேர், ஊர், திகதி மூன்றையும் எழுதி, மேசை லாச்சிக்குள் போட்டு வைப்பார். திரும்பி வந்தால் அளவெடுக்கத் தேவையில்லை. கால் இருக்கிறது, ஆள் வந்தால் போதும் என்பார்.

“கூசுது அண்ணை.”

“அசையாதை. அசைஞ்சா உனக்குக் கோழிக்கால் மாதிரித்தான் வரும்.”

பூவரசம் கட்டையில் அந்த அளவுக்குக் கால் செதுக்கவே ஒரு கிழமை பிடித்தது. மேலுக்குக் கன்வஸ் சீலை, அற்புதராணி இரட்டைத் தையல் போட்டார். அடிக்கு லொறி ரயர். கம்பியை உரித்து, மெல்லிதாய்ச் சீவி, சொலூசன் பசை பூசி, மேலே அம்மிக்குழவியை ஒரு பகல் முழுக்க ஏற்றி வைத்தார்கள். கார்த்திகையில் பட்டினத்தில் நடந்த இறுதி ஆட்டத்துக்குச் சோமசேகரம் அதைப் போட்டுக்கொண்டு இறங்கினான். முதல் தடவை எழும்பியபோதே தான் இவ்வளவு உயரம் போவேன் என்று அவனே நினைக்கவில்லை. பந்தைப் போட மறந்து அந்தரத்தில் முழித்தான். பிறகு மறக்கவில்லை. முப்பத்தெட்டுப் புள்ளி. வேலிக்கு வெளியே நின்ற இன்னாசித்தம்பி கத்தவும் இல்லை, கை தட்டவும் இல்லை. தன் கையால் வெட்டின ரயர் காற்றில் நிற்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் கொட்டில் வாசலில் பதினாறு பெடியள்.

பேர் வைக்கும் பிரச்சினை அப்போதுதான் வந்தது. மாஸ்டரும் இன்னாசித்தம்பியும் ஞானாம்பிகையிடம் கேட்கப் போனார்கள். அவர் படலைக்கு உள்ளே நின்றார். இவர்கள் வெளியே நின்றார்கள். இன்னாசித்தம்பி அந்தப் படலையைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை. அவரை அங்கே உள்ளே கூப்பிடுகிற வழக்கமும் இல்லை.

“இன்னாசி, உனக்கென்ன விசரோ? சோமசேகரமெண்டு ஆரின்ரை பேர்? சிவபெருமான்ரை பேர். அதைக் கொண்டுபோய்ச் சப்பாத்திலை ஒட்டி, ஊரிலை உள்ளதெல்லாம் சாணி மிதிக்கவோ?”

“அடியிலை இல்லை அக்கா, பக்கத்திலை போடுவம்” என்றார் மாஸ்டர்.

“சப்பாத்திலை எங்கை போட்டாலும் சப்பாத்துத்தான் தம்பி. என்ரை பிள்ளை போடட்டும், படம் எடுக்கட்டும், நான் மறிக்கேல்லை. பேர் வேண்டாம்.”

 திரும்பும் வழியில், சந்தி வந்ததும் இன்னாசித்தம்பி நின்றார். “மாஸ்டர், அவன்ரை பேரை விடுங்கோ. அவன்ரை முதுகிலை இருக்கிறது என்ன?”

ஏழு. சாமிக்கு அந்த இலக்கத்தோடு ஒரு சோலியும் இல்லை. ஞானாம்பிகையும் ஓம் என்றார். அதை எங்கே போடுவது என்ற யோசனை இன்னாசித்தம்பியுடையது. மையால் பக்கத்தில் எழுதினால் ஒரு மழையோடு போய்விடும். குதிக்கு அடியில் ரப்பரில் வெட்டி ஒட்டினால் மிதிக்கிற இடமெல்லாம் ஏழு விழும். முதல் சோடியில் நேராக ஒட்டிவிட்டார். மண்ணில் அது திரும்பி விழுந்தது. “அண்ணை, இது கண்ணாடிக்கு விளையாடுறவனுக்கோ?” என்று சோமசேகரம் விழுந்து விழுந்து சிரித்தான். திருப்பி ஒட்டினார்.

எண்பத்து நாலாம் ஆண்டு முழுவதும் அந்த ஏழு நடந்தது. கூடைப்பந்தே தெரியாத இடத்திலும் நடந்தது. நீர்வேலியில் வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிறவன் அதைப் போட்டான். உடுப்பிட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து கால் வரைந்துகொண்டு போனார்கள். சனிக்கிழமைகளில் சோமசேகரம் கொட்டில் வாசலில் வந்து சும்மா நிற்பான். அதுதான் ஒப்பந்தம். வருஷத்துக்கு மூன்று சோடி அவனுக்கு, அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை நிற்க வேண்டும். சின்னப் பெடியள் அவனுடைய காலையும் பார்த்துத் தங்கள் காலையும் பார்ப்பார்கள். “சோமண்ணை, இதைப் போட்டா உயருவமோ?” “சோறு திண்டாத்தான் உயருவாய். இதைப் போட்டா விழமாட்டாய்.” லாச்சி நிரம்பி, அரிசிப் பெட்டி ஒன்றும் நிரம்பியது. இருநூற்று நாற்பது சோடிக் கால்கள், பேரோடும் ஊரோடும்.

இன்னாசித்தம்பிக்கு அந்த வருஷம் ஒரு பழக்கம் தொற்றியது. செம்பாட்டு மண், மழை நின்ற அடுத்த காலையில் பசைந்த மா மாதிரி இருக்கும். எது பட்டாலும் அச்சாக எடுத்துக்கொண்டு, வெயில் ஏறினால் செங்கல்லாக இறுகும். அப்படிப்பட்ட காலைகளில், ஆட்டம் இருக்கிற நாள் என்றால், ஆட்கள் எழும்புமுன் ஏழு ஒட்டின தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு புறப்படுவார். மதகடி ஒழுங்கையால் போய், கூட்டுறவுச் சங்கக்கடையைச் சுற்றி, பள்ளிக்கூடப் படலை வரையும். பத்தடிக்கு ஒரு தடவை நின்று குதியை ஊன்றி அழுத்துவார். பார்க்க வருகிற பெடியள் வழிநெடுக ஏழைப் பார்ப்பார்கள். காசில்லாத விளம்பரம் என்று மனைவிக்குச் சொன்னார். மனைவிக்குச் சொல்லாதது ஒன்றும் இருந்தது. திரும்பி வரும்போது அந்த அடிகளைப் பார்த்தால், யாரோ ஓடத் தெரிந்தவன் அந்த வழியால் போனது மாதிரி இருக்கும்.

எண்பத்தைந்தாம் ஆண்டு தைப்பொங்கல் திங்கட்கிழமை வந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பின்னேரம் மழை பெய்தது. சனிக்கிழமை மாலை ஆட்டம். காலையில் இன்னாசித்தம்பி வழக்கம்போல நடந்துவிட்டு வந்தார். பதினொரு மணிக்குக் கொட்டிலின் பலகைகள் ஒருதரம் துள்ளி இறங்கின. மதகடியில் ஆமி ஜீப் ஒன்று கண்ணிவெடியில் தூக்கப்பட்டுவிட்டது. யார் வைத்தார்கள் என்று ஊருக்குத் தெரியாது. சந்தி இரண்டு நிமிஷத்தில் வெறுமையாகிவிட்டது. ஆட்டமும் இல்லை, ஆட்களும் இல்லை. அன்று முழுக்கச் சனம் வீட்டுக்குள்ளே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆனால் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அடையாள அட்டையைக்கூடக் கடைசியாகத்தான் கேட்டார்கள். வீட்டு வாசலில் கழற்றிக் கிடந்த செருப்பு, சப்பாத்து எல்லாவற்றையும் துவக்கு முனையால் பிரட்டி அடியைப் பார்த்தார்கள். ஏழு இருந்தால் அந்த வீட்டுப் பெடியன் ட்ரக்கில் ஏற வேண்டும். பன்னிரண்டு பேரை ஏற்றினார்கள். பின்னேரம் பதினொரு பேரை அடித்து விட்டுவிட்டார்கள். அந்தப் பதினொரு பேரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்: இந்த ஏழு யாருடைய ஏழு? அடி தாங்காமல் ஒருவன் சொல்லிவிட்டான். சொல்லாமல் விட்டாலும் சுவரெல்லாம் ஒட்டியிருந்த ஆட்ட விளம்பரத்தில் ஏழாம் இலக்கத்தோடு சோமசேகரம் சிரித்துக்கொண்டுதான் நின்றான்.

இருட்டுமுன் மாஸ்டர் சைக்கிளில் வந்தார். இறங்கத் தெரியாமல் கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். “சோமுவை விடாமல் வைச்சிட்டாங்கள். நாளைக்குப் பின்னேரம் பலாலிப் பெரிய முகாமுக்குக் கொண்டுபோறாங்களாம். அங்கை போனா…”

 அங்கே போனவர்கள் திரும்பி வருவதில்லை என்று ஊருக்கே தெரியும்.

“அவன் அங்காலைப் பக்கம் போகவே இல்லையே மாஸ்டர்! சனி காலமை தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சவன்.”

“அதை ஆர் கேக்கிறது? மதகுக்குப் பக்கத்திலை ஒரு அடி கிடக்காம். நல்ல துலக்கமாய். சுத்திக் கல்லு வைச்சுக் காவல் போட்டிருக்கிறாங்கள். வலக்கால். ஏழு கொஞ்சம் சரிஞ்சு, பின்னாலை இழுபட்ட மாதிரி இருக்காம்.”

இன்னாசித்தம்பி கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்.  கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினார். பக்கத்திலேயே மேசை இருந்தது, தெரியவில்லை. பிறகு தன்னுடைய வலக்காலைப் பார்த்தார். அதைத் தான் இதற்குமுன் பார்த்ததே இல்லை என்பதுபோலப் பார்த்தார்.

“மாஸ்டர்” என்றார். “அது நான்.”

“என்ன?”

“அந்த அடி என்ரை. நான்தான் மிதிச்சனான். விளம்பரத்துக்கு.”

மாஸ்டரின் சைக்கிள் விழுந்தது. யாரும் அதைத் தூக்கவில்லை.

அற்புதராணி தையல் மெசினை விட்டு எழும்பி வந்தார். அவர் முதலில் அழவில்லை. நேராக லாச்சியை இழுத்தார். “இஞ்சாருங்கோ, இதை என்ன செய்யப்போறியள்? இதைக் கண்டாங்களெண்டா ஒருதனையும் மிச்சம் விடமாட்டாங்கள்.” இன்னாசித்தம்பிக்கு அப்போதுதான் இரண்டாவது இடி விழுந்தது. ஒரு வருஷமாக ஏழு போட்ட அத்தனை பெடியளின் பேரையும் ஊரையும் தன் கையால் அழகாக எழுதி, திகதியும் போட்டு, ஆமிக்காரருக்கென்றே அடுக்கி வைத்ததுபோல் அடுக்கி வைத்திருக்கிறார்.

அடுப்பில் போட்டார்கள். சீமெந்துக் கடதாசி மளமளவென்று பிடித்தது. நீர்வேலிக் கால், உடுப்பிட்டிக் கால், ஆறு வயதுக் குஞ்சுக் கால். இன்னாசித்தம்பி ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுக்க அற்புதராணி தள்ளினார். இரண்டை மட்டும் அவர் கொடுக்கவில்லை. இரண்டு துண்டு ஒட்டின சோமசேகரத்தின் கால் ஒன்று. ஒரு பக்கம் பெரிதும் மறு பக்கம் சிறிதுமான தன்னுடைய கால் மற்றது.

“உதை ஏன் வைச்சிருக்கிறியள்?”

“அவன்ரை கால் என்ரை காலைவிட மூண்டு விரல் நீளம். கடதாசியை அடிக்கு மேலை வைச்சா ஒரு குழந்தைப் பிள்ளைக்கும் விளங்கும்.”

“ஓம், விளங்கும். பேந்து உங்களை வைச்சுக்கொண்டு அவனை விடுவாங்கள். நீங்கள் நொண்டி, உங்களாலை ஓடவும் ஏலாது.” அப்போதுதான் அழுதார். “மாதாவே, நடக்க ஏலாத மனிசனுக்கு நடையிலை என்ன ஆசை!”

 மனைவி சொன்னது சரியென்று இன்னாசித்தம்பிக்குத் தெரியும். தான் அழுத்தின ஒரு குதிக்காக அந்தப் பிள்ளை அடிவாங்குகிறான் என்பதும் தெரியும். இரண்டில் எதைத் தெரியாததுபோல் இருப்பது?

பொங்கலன்று காலை தெல்லிப்பழையில் அநேகமான முற்றங்களில் அடுப்பு மூட்டவில்லை. இன்னாசித்தம்பி வெள்ளைச் சேட்டுப் போட்டு, தன் சப்பாத்தையும் போட்டு, இரண்டு கடதாசியையும் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஆமி முகாமுக்கு நடந்தார். சிங்களம் தெரிந்தவர் என்று மாஸ்டரும் கூட வந்தார். வழியில் ஞானாம்பிகை படலையில் நின்றார். மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார்.  ஞானாம்பிகை இன்னாசித்தம்பியின் காலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

முகாம் வாசலில் இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு முக்கால் மணித்தியாலம் நின்றார்கள். அதிகாரி இளம் ஆள். இரண்டு நாள் நித்திரை இல்லாத கண். ஜீப்பில் செத்துப்போன ஒருவன் அவனுடைய ஊர்க்காரன் என்று பிறகு மாஸ்டருக்குத் தெரிய வந்தது. மாஸ்டர் சொல்லச் சொல்ல அவனுடைய முகம் கோபத்திலிருந்து வேறொன்றாக மாறியது. அவன் ஒரு சொல்லைத் திருப்பிக் கேட்டான்.

“விளம்பரமோ எண்டு கேக்கிறார்” என்றார் மாஸ்டர்.

“ஓம் எண்டு சொல்லுங்கோ.”

“சப்பாத்துக்கோ எண்டு கேக்கிறார்.”

“ஓம்.”

அதிகாரி கன்னத்தில் அறைந்தான். இன்னாசித்தம்பி விழுந்து, கடதாசி கிழியக் கூடாது என்று அதை மட்டும் தூக்கிப் பிடித்தார். பிறகு தண்ணீர்க் குழாயடியில் ஈரமாய்க் கிடந்த மண்ணைக் காட்டி “நட” என்றான். அந்தச் சொல் தமிழிலேயே வந்தது.

அவர் நடந்தார். வழக்கம்போல பத்தாவது அடியில் நின்று குதியை ஊன்றி அழுத்தினார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார். ஆமிக்காரர் சுற்றி நின்று முதலில் சிரித்தார்கள். ஒருவன் அவரைப் போலவே காலை இழுத்துக் காட்டினான். மூன்றாம் தடவையில் சிரிப்பு நின்றுவிட்டது. மண்ணில் கிடந்த ஏழு வலப்பக்கம் சரிந்து, பின்னால் இழுபட்டு இருந்தது. மதகடியில் காவல் நின்றவன் வந்து பார்த்துத் தலையாட்டினான்.

“அப்ப குண்டு வைச்சது நீயோ எண்டு கேக்கிறார்” என்றார் மாஸ்டர். 

இந்த இடத்துக்கு இன்னாசித்தம்பி விடிய விடிய ஒத்திகை பார்த்து வந்திருந்தார். “மதகடியிலை மட்டும் பாத்தா அப்பிடித்தான் ஐயா தெரியும். சங்கக்கடையடியிலை பாருங்கோ. பள்ளிக்கூடப் படலையிலை பாருங்கோ. எல்லா இடமும் மிதிச்சிருக்கிறன். குண்டு வைச்சவன் பள்ளிக்கூடம் வரைக்கும் அடையாளம் வைச்சுக்கொண்டு போவானோ?”

அவரை ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள். சங்கக்கடையடியில் ட்ரக் போய்த் திரும்பின தடம் எல்லாவற்றையும் உழுதிருந்தது. ஒன்றும் இல்லை. பிறகு பள்ளிக்கூடப் படலைக்கு வந்தார்கள். பொங்கல் என்று பள்ளிக்கூடக் காவல்காரர் விடியவே படலை வாசலை மண்வெட்டியால் செதுக்கிக் கூட்டியிருந்தார். விளக்குமாற்றின் வரிவரியான கீறல். அத்தனையும் வழித்தெடுத்துத் துப்புரவாகக் கிடந்தது. சனிக்கிழமை ஆட்டம் நடந்திருந்தால் பெடியள் மிதித்துக் குழப்பியிருப்பார்கள், அது நடக்கவில்லை என்று எவ்வளவு நம்பிக்கையோடு வந்தார்! விளக்குமாற்றை அவர் நினைக்கவில்லை.

அதிகாரி துவக்கை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான்.

“ஐயா, பொறுங்கோ. ஐயா!” இன்னாசித்தம்பி நாலு காலில் விழுந்தார். படலைத் தூணுக்கும் மதிலுக்கும் இடையில் ஒரு முடக்கு உண்டு. விளக்குமாறு அதற்குள் போகாது. அவர் அதற்குள் தலையை நுழைத்தார். சனிக்கிழமை காலை அந்த மூலையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கொஞ்சம் களைப்பாறியது நினைவு வந்தது. ஒரு பழுத்த வேப்பங்கொத்து விழுந்து கிடந்தது. அதைத் தூக்கினார்.

கீழே செங்கல்லாய் இறுகி ஓர் ஏழு இருந்தது. சரிந்து, இழுபட்டு.

அதிகாரி குந்தியிருந்து பார்த்தான். தன் விரலை அதன் ஓரத்தில் வைத்துப் பார்த்தான். சோமசேகரத்தின் கடதாசியை விரித்து அந்த அடியின்மேல் வைத்தான். கடதாசிக் கால் இரண்டு பக்கமும் தாண்டி நின்றது. இன்னாசித்தம்பியின் கடதாசியை வைத்தான். பொருந்தியது.  அவனும் அதிர்ந்துதான் போனான் என்று மாஸ்டர் பின்னர் சொன்னார். இரண்டு நாளாய் ஒரு நொண்டி மனிதனின் ஆசைக்குக் கல் வைத்துக் காவல் காத்தோமா என்று அவன் தன் பாட்டில் சிங்களத்தில் சொன்னானாம். பிறகு எழும்பி, சப்பாத்துக் குதியால் அந்த ஏழை இடித்து அழித்தான். “இனி இந்த ஊரிலை இந்த இலக்கத்தைக் கண்டா சுடுவன்” என்றான். இன்னாசித்தம்பியின் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி எடுத்துக்கொண்டான். அவர் வெறுங்காலோடு, ஒரு பக்கம் இரண்டு விரல் பதிந்து, வீட்டுக்கு வந்தார்.

அந்தக் கிழமை தெல்லிப்பழையில் ரப்பர் எரிந்த மணம் நிற்கவில்லை. தாய்மார் அடுப்பங்கரைக் கத்தியால் ஏழைச் செதுக்கினார்கள். செதுக்க வராததை எரித்தார்கள். ஒரு வருஷம் நடந்தது மூன்று நாளில் நின்றது.

சோமசேகரத்தைப் புதன்கிழமை விட்டார்கள். மாட்டுவண்டியில்தான் கொண்டுவந்தார்கள். பின்னேரம் ஞானாம்பிகை கொட்டில் வாசலுக்கே வந்துவிட்டார். “தம்பி, பிள்ளை உங்களைத் தேடுறான். ஒருக்கால் வாங்கோ” என்றார். இன்னாசித்தம்பி திரும்பிப் பின்னால் பார்த்தார், வேறு யாரையும் கூப்பிடுகிறாரோ என்று.

படலையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, அறைக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போனார். சோமசேகரம் கட்டிலில் நீட்டிக் கிடந்தான். கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தலையணை மேல் இருந்தன.

“அண்ணை, வாங்கோ. என்ரை சப்பாத்தை அவங்கள் வைச்சிட்டாங்கள். ஒருதனுக்கும் அளவில்லை, என்ன செய்யப்போறாங்களோ தெரியாது.” சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்திருந்தது. “புதுசு ஒண்டு தைக்கவேணும். வருஷத்துக்கு மூண்டெல்லோ ஒப்பந்தம்.”

“ஏழு போட ஏலாது தம்பி.”

“ஏழு வேண்டாம். வெறுமனே தாங்கோ.”

இன்னாசித்தம்பி மடியிலிருந்து சுருட்டின கடதாசியை எடுத்தார். முகாமில் சுருண்டு கசங்கியிருந்தது. மூலையில் அவருடைய எழுத்து: சோமசேகரம், தெல்லிப்பழை, எண்பத்து மூன்று புரட்டாதி. அளவு பழையதுதானே, சரிபார்த்தால் போதும் என்று நினைத்து ஞானாம்பிகையிடம் துணியை விலக்கச் சொன்னார். உள்ளங்காலில்தான் அடித்திருந்தார்கள். கடதாசியைப் பலகையில் வைத்துக் காலுக்குக் கீழே பிடித்தார். கோடு எங்கே என்று தேடினார். கோடு தெரியவில்லை. கால் அதை எல்லாப் பக்கத்தாலும் மூடி வெளியே வழிந்து நின்றது.

ஞானாம்பிகை சுவரைப் பிடித்துக்கொண்டார். “நான் பேரைப் போட விட்டிருக்கலாம்” என்றார், யாருக்கும் சொல்லாமல். “தமிழ் எழுத்து. அவங்களுக்கு ஒண்டும் விளங்கியிராது. சாமி பேரெண்டு மறிச்சன். இலக்கத்தை எல்லாரும் வாசிப்பினமெண்டு எனக்குத் தெரியேல்லையே.”

 இன்னாசித்தம்பியும் தன்னைப் பற்றி இப்படியெல்லாம் ஏற்கெனவே நினைத்து முடித்திருந்தார்.

“அளவு எடுத்திட்டியளோ அண்ணை?”

“வீக்கம் வத்தட்டும் தம்பி. பேந்து எடுப்பம்.”

“வத்துமோ?”

இன்னாசித்தம்பிக்குக் கால்களைத் தெரியும். இருநூற்று நாற்பது சோடிக் கால்களைத் தொட்டவர். ஒரு கால் அடிக்குப் பிறகு பழைய கோட்டுக்குத் திரும்புமா இல்லையா என்பது மட்டும் தெரியவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.  குதியில் தொடங்கி, பழைய கோட்டுக்கு வெளியே மெல்ல மெல்லப் புதுக்கோடு ஒன்று போட்டார்.

“கூசுதோ தம்பி?”

“இல்லை அண்ணை” என்றான் சோமசேகரம். “ஒண்டுமே தெரியேல்லை.”